உச்சியாளின் வயல்

வெர்போவ்கா கிராமம், 1812

ஜூலை 8

கசான் மாதா திருநாள். கோயில் அப்பம் நாற்பது சுட்டேன். அதில் ஆறு அப்பம் வெடித்துவிட்டது, மாவில் ஈரம் அதிகம். பூசை முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது காரியஸ்தர் யெரோஃபேய் லூக்கிச் ஆளனுப்பினார். பண்ணை அலுவலகத்துக்குப் போய்வந்தேன்.

இந்தக் குறிப்பேடு மூத்த சீமாட்டி விட்டுப்போனது. சின்ன வயதில் பண்ணை வீட்டில் அவருக்குப் புத்தகம் வாசித்துக்காட்டுவது என் வேலை. அதற்காகத்தான் எழுத்துக் கற்றுக்கொடுத்தார். வெர்போவ்காவில் பாதிரியாரையும் காரியஸ்தரையும் விட்டால் எழுதப் படிக்கத் தெரிந்தவள் உஸ்தின்யா ஒருத்திதான் என்பார்கள். அதனால் எனக்கு இதுவரை ஒரு பயனும் இல்லை. வசந்தத்தில் கோயில்பிள்ளை பங்க்ராத் செத்த பிறகு மணியடிக்கும் வேலையும் என் தலையில் விழுந்தது. நாற்பத்தொன்பது வயதில் ஐம்பத்திரண்டு படி ஏறி இறங்குகிறேன்.

பிரெஞ்சுக்காரன் எல்லை தாண்டிவிட்டானாம். நம் பண்ணையிலிருந்து இன்னும் ஏழு பேர் பட்டாளத்துக்குப் போக வேண்டும். சாயங்காலம் கோயில் வாசலில் பட்டியலை வாசித்தார்கள். என் மகன் நிகீஃபரின் பெயர் இல்லை. இந்த முறை அவன்தான் என்று ஊரே நினைத்திருந்தது. கடைசிப் பெயர் தோம்னாவின் கணவன் ஸவேலி. தோம்னா வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

கடவுள் பெரியவர்.

ஜூலை 11

ரை தானிய அறுப்பு தொடங்கிவிட்டது. ஆண்கள் பாதிப்பேர் ஊரில் இல்லை. பெண்கள்தான் கருக்கரிவாளோடு வயலில் நிற்கிறார்கள். மருமகள் பராஸ்காவும் போகிறாள், ஐந்து மாத வயிற்றோடு. நிகீஃபருக்குப் பண்ணைக் குதிரை லாயத்தில் நிழல் வேலை.

மணிக்கயிறு இற்றுப்போய்விட்டது. அதனால் நண்பகல் மணி அடிக்க முடியவில்லை.

ஜூலை 12

வெயில். மாவு அரைநாளில் புளித்துவிடுகிறது.

ஜூலை 14, ஞாயிறு

பூசைக்கு மணியடித்தேன். வெளியே வரும்போது தோம்னா கேட்டாள்: "கயிறு சரியாயிடுச்சா அக்கா?"

"ஞாயித்துக்கிழமைக்குத் தாங்குது. தினமும் இழுத்தா அறுந்துடும்."

தோம்னா சிரித்தாள். புருஷனை வண்டியில் ஏற்றி அனுப்பி நான்கு நாள்தான் ஆகிறது, அதற்குள் சிரிக்கிறாள். அவள் சுபாவம் அது. பேசத் தெரியாத இடத்திலெல்லாம் சிரித்துவிடுவாள்.

நண்பகல் மணி இங்கே கோயில் கட்டிய நாளிலிருந்து அடிக்கிறார்கள். சூரியன் உச்சிக்கு வந்ததும் மூன்று அடி. வயலில் இருப்பவர்கள் அரிவாளைப் போட்டுவிட்டு மரத்தடிக்குப் போய்விட வேண்டும். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி ஓர் அடி. இடையில் வயல் மனிதர்களுடையது இல்லை, உச்சியாளுடையது. அவள் வெள்ளை உடுத்திக் கதிர்களின் மேல் நடப்பாள். அந்த நேரத்தில் குனிந்து அறுப்பவர்களிடம் கேள்வி கேட்பாள். பதில் சொல்லத் தெரியாதவர்களின் கழுத்தைத் திருப்பிவிடுவாள். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சேதி. பாதிரியார் வசீலி இதை அஞ்ஞானம் என்பார். ஆனால் உச்சி வேளையில் அவர் வெளியே வந்து நான் பார்த்ததில்லை.

மாதாவின் விண்ணேற்புத் திருநாளுக்குள் தானியம் பட்டாளத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. மணிச் சத்தம் கேட்காததால் மேற்பார்வைக்காரர்கள் யாரையும் உட்கார விடுவதில்லை.

ஜூலை 17

தோம்னா விழுந்துவிட்டாள்.

பராஸ்கா சொன்னபடி எழுதுகிறேன். உச்சி வெயில். வானம்பாடிகள் பாதிப் பாட்டில் நின்றன. காற்றே இல்லை, ஆனால் வரப்பில் ஒரு புழுதித்தூண் எழுந்து இவர்கள் பக்கமாக வந்தது. எல்லாரும் குனிந்துகொண்டார்கள், மேற்பார்வைக்காரன் உட்பட. தோம்னா மட்டும் நிமிர்ந்தாள். யாரோ பக்கத்தில் நின்று பேசியதுபோல், "என்னது? என்ன கேக்கறீங்க?" என்றாளாம். பிறகு பதில் தெரியாமல் சிரித்தாளாம்.

கழுத்து இடப்பக்கம் திரும்பி அப்படியே நின்றுவிட்டது. பேச்சு போய்விட்டது. கண் விழித்திருக்கிறது.

வெயில் தாக்கிவிட்டது என்று பாதிரியார் சொன்னார். காரியஸ்தரும் அதையே சொன்னார். கேட்டவர்களிடம் நானும் அப்படியே சொன்னேன்.

ஜூலை 18

நிகீஃபர் காலையில் வந்து நின்றான். "மணிக்கயிறு எவ்வளவு நீளம் வேணும்மா?"

"எதுக்கு?"

"லாயத்துல நல்ல சணல் கிடக்கு. நானே திரிச்சுத் தரேன். ஒரு கயிறு இல்லாம ஊரே வெயில்ல நிக்குது, நீ ஏன் யார்கிட்டயும் கேக்காம இருக்கே?"

அவன் முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை. அளவைச் சொன்னேன். சாயங்காலத்துக்குள் திரித்து முடித்துவிட்டான். முறுக்கு ஒரே சீர். என் கையை அறுக்காமலிருக்கப் பிடிக்கிற இடத்தில் துணி சுற்றியிருந்தான்.

துணிப்பெட்டியின் அடியில் வைத்தேன். நாளைக்குக் கட்டுகிறேன் என்றேன்.

ஜூலை 19

கட்டவில்லை.

ஜூலை 20

இலியா தீர்க்கதரிசி திருநாள். அறுப்பு இல்லை. தோம்னா வீட்டுக்குக் கஞ்சி கொண்டுபோனேன். அவளுடைய மாமியார் கதவைத் திறந்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டாள். ஒவ்வொரு கரண்டியாக ஊட்டினேன். கடைவாயில் வழிவதைத் துடைத்தேன். தோம்னா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கஞ்சி தீரும் தறுவாயில் கையை மெல்லத் தூக்கி, மேலேயிருந்து கீழே இழுப்பதுபோல் காட்டினாள். இரண்டாம் முறையும் காட்டினாள்.

புரியாதவள் மாதிரிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜூலை 23

கிழக்கு வயலில் அகீம் செத்துக்கிடந்தான். முந்தின வாரம்தான் மனைவிக்குப் பதிலாக அறுக்க வந்தவன், ஐம்பது வயது. நண்பகலுக்குச் சற்றுப் பிறகு பார்த்திருக்கிறார்கள். குப்புறக் கிடந்தான், முகம் மட்டும் வானத்தைப் பார்த்திருந்தது.

கதிர் சாய்ந்து கிடக்கவில்லை என்றார்கள். அவனைச் சுற்றி ஒரு தாளும் மடங்கவில்லை.

சாவுமணி அடித்தேன். ஐம்பது அடி, வயசுக்கு ஒன்று. கீழே இறங்கியபோது முற்றத்தில் நின்றிருந்த பெண்கள் என்னைப் பார்த்தார்கள். கயிறு எப்படித் தாங்கியது என்று ஒருத்தி கேட்டிருக்கலாம். ஒருத்தியும் கேட்கவில்லை.

ஜூலை 24

இரண்டு நாளாக யாரும் என்னிடம் ரொட்டிக்குப் புளிப்பேற்றும் உறைமாவு வாங்க வருவதில்லை. பராஸ்கா சாப்பிட்ட தட்டைக் கழுவிவிட்டு முதுகைக் காட்டிப் படுத்துக்கொள்கிறாள். அடுப்புக்குக் கீழே வீட்டைக் காக்கிற ஆவிக்கு வைக்கிற பால்கூட வைத்தபடியே திரிந்து கிடக்கிறது.

காரியஸ்தரைப் பார்க்கப் போனேன். பல நாள் தூங்காதவர் மாதிரி இருந்தார்.

"மணியடிக்க விடுங்க ஐயா. ஒரு உயிர் போயிடுச்சு."

"வெயில்ல போச்சு. இந்த வருஷம் உயிர் எங்கே போகலே? மேற்கே தினமும் போகுது. சோறு இல்லாமப் பட்டாளம் சண்டை போடுமா? திருநாளுக்குள்ள தானியம் போகலேன்னா என்னைச் சங்கிலி போட்டு இழுத்துட்டுப் போவாங்க."

"அரை மணி நேரமாவது உக்கார விடுங்க."

இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். படிக்கத் தெரிந்தவளுக்கு மரியாதை செய்வதுபோல் என் பக்கம் திருப்பி வைத்தார். ஏழு பெயர்கள். ஏழாவது இடத்தில் ஒரு பெயரை அடித்துவிட்டு அதன் மேல் ஸவேலி என்று எழுதியிருந்தது. அடித்த பெயரையும் வாசிக்க முடிந்தது.

"நாம பேசினது பேசினதுதான் உஸ்தின்யா. வேண்டாம்னு சொல்லு, அடிச்ச பேரை மறுபடி எழுதிடறேன். அடுத்த வண்டி ஆகஸ்ட் ரெண்டாந்தேதி கிளம்புது."

நான் நின்றேன்.

"போய் வேலையைப் பாரு."

வந்து வேலையைப் பார்த்தேன். மாவு சலித்தேன். விறகு அடுக்கினேன்.

ஜூலை 25

பராஸ்காவை நாளையிலிருந்து கிழக்கு வயலுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். அகீம் அறுத்த இடம். காலையில் சொன்னாள், ரொட்டியை மென்றுகொண்டே, யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல்.

"நேத்து உச்சியாள் எனக்கு இருபது அடி தள்ளி நின்னா, அத்தை. முகம் தெரியலே. நான் தலையைத் தூக்கலே. உள்ளே குழந்தை அசையறதை நிறுத்திடுச்சு. அவ போனப்புறம்தான் மறுபடி அசைஞ்சுது."

ஜூலை 26

நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும். எழுத்துக் கோணலாக வருகிறது.

பராஸ்காவுக்கு அடுப்பு வேலையைக் கொடுத்துவிட்டு, அவளுடைய தலைத்துணியைக் கட்டிக்கொண்டு, அவளுடைய அரிவாளோடு நான் கிழக்கு வயலுக்குப் போனேன். அந்தத் துண்டு நிலத்தில் வேறு யாரும் இல்லை. மேற்பார்வைக்காரன் தூரத்தில் வரப்பில் உட்கார்ந்திருந்தவன், சூரியன் ஏற ஏற மெல்ல எழுந்து ஓடைப் பக்கம் போய்விட்டான். இருபது வருடமாக நான் ரை அறுத்ததில்லை. நான்கு கட்டு முடிவதற்குள் இடுப்பு விட்டுப்போயிற்று.

முதலில் வானம்பாடிகள் நின்றன. பிறகு வெட்டுக்கிளிகள். என் நிழலைப் பார்த்தேன். காலடிக்குள் போய் ஒடுங்கியிருந்தது. நிமிர்ந்தேன். எனக்கு முன்னால் கதிர்களின் மேல் அவள் நின்றாள். கோயில் கதவு உயரம் இருப்பாள். வெள்ளைத் துணி, சுடுகல்லுக்கு மேல் காற்று நெளிவதுபோல் நெளிந்தது. கையில் அரிவாள் இருந்தது. முகத்தைப் பார்த்தேன். பயங்கரமான முகம் இல்லை. அறுப்புக் காலத்து முடிவில் நம் பெண்களின் முகம் எப்படி இருக்குமோ அப்படி, உதடு வெடித்து, கண்ணிமையெல்லாம் தூசி படிந்து இருந்தது.

"இது என் நேரம்" என்றாள். "மண்ணு மூச்சு விடற நேரம். இதுல ஏன் அறுக்கறே?"

"அறுக்கச் சொன்னாங்க."

"அப்போ பேசு. நிழல் திரும்பற வரைக்கும் பேசு. நிறுத்தினா எனக்கு உன் கழுத்து." அரிவாளின் முதுகை என் தோளில் வைத்தாள். அது சுட்டது.

எதைப் பேசுவது? ஒரு மணி நேரம் ஓடுகிற சங்கதி ஒன்றுதான் எனக்குத் தெரியும். நார் எடுக்கிற ஆளிச்செடியைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். மே மாதம் குயில் கூவினதும் விதைப்போம் என்றேன். முளை விட்டதும் மண்டி போட்டுக் களை எடுக்க வேண்டும். காலில் மிதிபடக் கூடாது என்பதால் செருப்பைக் கழற்றிவிடுவோம். நீலப் பூ காலையில் பூத்து மதியம் உதிர்ந்துவிடும். அறுக்கக் கூடாது, வேரோடு பிடுங்க வேண்டும். கற்றையாகக் கட்டி, காயவைத்து, விதையைத் தட்டி எடுத்து, தண்டைக் குட்டையில் ஊறப்போடுவோம், நாற்றம் ஊரைத் தூக்கும். அழுகுவதற்கு ஒருநாள் முன்னால் எடுக்கத் தெரிய வேண்டும். என் மாமியாருக்குத் தெரியும், முகர்ந்து பார்த்தே சொல்லுவாள்...

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். "அப்புறம்?"

அப்புறம் அடுப்பில் காயவைத்து, மரத்தில் வைத்து நொறுக்கி, தட்டி, சீப்புப் பலகையில் வாரி, நூல் நூற்று, தறியில் ஏற்றி நெய்து, மார்ச் மாதத்துப் பனியின் மேல் வெயிலில் விரித்து வெளுத்து, வெட்டித் தைத்து...

"என்ன தைச்சே?"

"சட்டை."

"யாருக்கு?"

"என் மகனுக்கு. நிகீஃபருக்கு."

"எங்கே போட்டுக்கிட்டுப் போக?"

"பட்டாளத்துக்குப் போறவங்களுக்குப் புதுச் சட்டை தைக்கணும். போன மாசமே தைச்சு வச்சேன்."

"அப்புறம்?"

"அவன் போகலே."

"ஏன்?"

நிழலைப் பார்த்தேன். ஒரு விரல் அகலம்கூட நகரவில்லை. வேறு ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். சட்டையில் போட்ட பூவேலையைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். வரவில்லை. அரிவாள் தோளிலிருந்து கழுத்துக்கு நகர்ந்தது. அப்போதுதான் சொன்னேன். காரியஸ்தர் கூப்பிட்டார், நண்பகல் மணியை நிறுத்தினால் பெயரை அடித்துவிடுகிறேன் என்றார், நான் யோசிக்கக்கூட இல்லை, உடனே சரி என்றேன் என்று சொன்னேன். கயிறு இற்றுப்போகவில்லை என்றேன். இந்தக் குறிப்பேட்டில்கூட இற்றுப்போனது என்றுதான் எழுதினேன், யார் படிக்கப் போகிறார்கள், இருந்தும் எழுதினேன். அவன் பெயரை அடித்தால் வேறு ஒரு பெயர் வரும் என்று எனக்குத் தெரியும். யாருடையது என்று நான் கேட்கவில்லை. தோம்னா வாயில் கஞ்சி ஊட்டினேன். அகீமுக்கு ஐம்பது அடி அடித்தபோது எண்ணிக்கை தவறக் கூடாது என்று மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இதையெல்லாம் கத்திச் சொன்னேனா, மெல்லச் சொன்னேனா, தெரியவில்லை. சொல்லி முடிக்கப் பயந்து திரும்பத் திரும்பச் சொன்னேன்.

தோளில் சூடு போய்விட்டது. பார்த்தால் என் நிழல் கிழக்கே ஒரு சாண் விழுந்திருந்தது.

அவள் என்னை மன்னிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "நாளைக்கு வேற கதை வேணும்" என்றாள். "நாளைக்கு இங்கே யாரு நிப்பாங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் அறுக்காத கதிர்களின் மேல் நடந்து போனாள்.

வெட்டுக்கிளிகள் கத்த ஆரம்பித்தன. நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஜூலை 27

விடிந்ததும் நிகீஃபரையும் பராஸ்காவையும் மேசைக்கு எதிரே உட்காரவைத்துச் சொன்னேன். நேற்று ஒருதரம் சொல்லியிருந்தாலும் இது அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

"ஸவேலி போன வண்டிக்கு நான்தான் குதிரை பூட்டினேன்" என்றான்.

"இன்னிக்கு மணியடிக்கப் போறேன்ப்பா."

அவன் எழுந்து சரி என்பான், நான் பெற்ற பிள்ளை அப்படித்தான் சொல்லுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் உட்கார்ந்தே இருந்தான்.

"அடிக்காதேம்மா."

"நிகீஃபர்..."

"எனக்குப் பயமா இருக்கு. பட்டாளத்துல இருபத்தஞ்சு வருஷம். உயிரோட இருந்தாலும் கிழவனாத்தான் வருவேன். குழந்தை முகத்தைப் பாக்க முடியாது. நீ செஞ்சது தப்புதான். ஆனா செஞ்சாச்சு. இன்னும் ரெண்டு வாரம், அறுப்பு முடிஞ்சுடும். பராஸ்காவை வீட்டுலயே வச்சுக்கலாம்."

"அவ இடத்துல வேற யாரோ நிப்பாங்க."

"நிக்கட்டும்" என்றான். சொன்னதும் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

பராஸ்காவைப் பார்த்தேன். அவள் வயிற்றின் மேல் கை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்திருந்தாள். அவளும் எனக்கு ஒரு வார்த்தை கொடுக்கவில்லை. கொடுத்திருக்கக் கூடாதா என்று இப்போதும் இருக்கிறது.

பழைய கயிறே நல்ல கயிறு. ஐம்பத்திரண்டு படி ஏறினேன். சூரியன் உச்சிக்கு வந்ததும் மூன்று அடி அடித்தேன். மேலேயிருந்து பார்த்தால் வயல் முழுதும் தெரியும். குனிந்திருந்த வெள்ளைத் தலைத்துணிகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. முதலில் யாரும் நகரவில்லை. நம்பவில்லை போலிருக்கிறது. பிறகு ஒருத்தி அரிவாளைக் கீழே போட்டாள். அதன்பின் எல்லாரும் மரத்தடிக்கு நடந்தார்கள், ஓடாமல், மெதுவாக.

வெற்று வயலில் ஒரு புழுதித்தூண் எழுந்து குறுக்கே போனது. யாரையும் தொடவில்லை.

ஜூலை 28, ஞாயிறு

காரியஸ்தர் நேற்றே மணிக்கூண்டுக் கதவுக்குப் பூட்டுப் போட்டுவிட்டார். பூசைக்குக்கூட மணி இல்லை.

தோம்னா வீட்டுக்குப் போய் அவளிடமும் சொன்னேன். ஸவேலியின் பெயர் எப்படி வந்தது என்பதையும் சொன்னேன். அவளுக்குக் கழுத்துத் திரும்பாது. அதனால் உடம்பு முழுவதையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, சுவர்ப்பக்கம் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன்.

ஜூலை 29

மணி அடிக்கவில்லை. இருந்தாலும் நிழல் காலடிக்கு வந்ததும் பெண்கள் எல்லாரும் அரிவாளைப் போட்டுவிட்டு மரத்தடிக்குப் போய்விட்டார்களாம். காரியஸ்தர் குதிரையில் வந்து கத்தினாராம். ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. அத்தனை பேரையும் அடித்தால் யார் அறுப்பது? ஒரு மணி நேரம் அவர் வெயிலில் குதிரை மேலேயே நின்றிருந்தார் என்று பராஸ்கா சொன்னாள். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அதற்கும் தெம்பு வேண்டும்.

சாயங்காலம் பட்டியலில் எட்டாவதாக ஒரு பெயர் எழுதப்பட்டது. ஏழாவது பெயர் அப்படியேதான் இருக்கிறது. ஸவேலி திரும்ப மாட்டான்.

ஜூலை 31

வறுத்த ரொட்டித் துண்டு ஒரு பை. காலுறை நான்கு ஜோடி. சட்டை. நிகீஃபர் லாயத்திலேயே படுத்துக்கொள்கிறான்.

ஆகஸ்ட் 2

காலை எட்டு மணிக்கு வண்டி கிளம்பியது. பெண்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு வந்தார்கள். பட்டாளத்துக்குப் போகிறவனுக்காக அழுவது வழக்கம். முறைப்படி ஒப்பாரியைத் தாய்தான் தொடங்க வேண்டும். எனக்குக் குரல் வரவில்லை. அகீமின் மனைவி தொடங்கினாள். அவள் ஏன் தொடங்கினாள் என்று எனக்குத் தெரியவில்லை.

நிகீஃபர் பராஸ்காவின் வயிற்றில் கை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். நான் கொடுத்த பையை வாங்கிக்கொண்டான். என் முகத்தைப் பார்க்கவில்லை. வண்டியில் ஏறும் முன் ஊரைப் பார்த்துத் தரையில் நெற்றி பட விழுந்து கும்பிட்டான். நான் ஊருக்குள்தான் நின்றிருந்தேன். அந்தக் கும்பிடில் எனக்கும் பங்கு உண்டா என்று தெரியாமலே வண்டி மரமில்லாத அந்த மொட்டைச் சாலையில் திரும்பி மறைந்தது.

வீட்டுக்கு வந்து மாவு பிசைந்தேன்.

ஆகஸ்ட் 16

தானியம் ஒருநாள் தாமதமாகப் போனது. காரியஸ்தரை யாரும் சங்கிலி போட்டு இழுத்துப்போகவில்லை.

செப்டம்பர் 10

மாஸ்கோ எரிகிறது என்று சாலையில் வந்தவர்கள் சொல்கிறார்கள். பாதிரியார் மணிக்கூண்டுப் பூட்டைத் தானே உடைத்தார். இருட்டும்வரை அடித்தேன்.

அக்டோபர் 3

முட்டைக்கோஸ் உப்பிட்டோம், மூன்று பீப்பாய். தோம்னா இப்போது எழுந்து நடக்கிறாள். கஞ்சிக் கிண்ணத்தை மாமியார் வாசலிலேயே வாங்கிக்கொண்டு, கழுவித் திருப்பிக் கொடுத்துவிடுகிறாள். உள்ளே கூப்பிடுவதில்லை.

நவம்பர் 9

பராஸ்காவுக்குப் பெண் குழந்தை. இரண்டு பேரும் பிழைத்தார்கள். என் கைதான் முதலில் ஏந்தியது. கழுத்து நேராக இருக்கிறதா என்று பார்த்தேன்.

நவம்பர் 27

கடிதம் வந்திருக்கிறது. பண்ணை அலுவலகத்துக்கு வந்ததைக் காரியஸ்தரே கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே வரவில்லை, பனியில் நின்று தொப்பியைக் கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டு போனார்.

நிகீஃபர் பட்டாளத்து எழுத்தன் ஒருவனிடம் சொல்லி எழுதவைத்திருக்கிறான். நம் ஆட்களின் கடிதங்களைப் போலவேதான், தொடக்கத்தில் ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி வணக்கம். பராஸ்கா குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டு கேட்டாள், நான் வாசித்தேன்.

"முதலாவதாக என் தாய் உஸ்தின்யாவுக்கு, ஈர மண்ணைத் தொட்டு என் வணக்கம். என் மனைவி பராஸ்காவுக்கும், கடவுள் கொடுத்திருந்தால் எங்கள் குழந்தைக்கும்..."

முதல் வரியிலேயே எனக்குக் கண் மறைத்துவிட்டது. எழுத்து மங்கலாக இருக்கிறது என்று சொல்லி ஜன்னல் பக்கம் போனேன். தாயின் பெயரை முதலில் சொல்வது வழக்கம்தான். வழக்கத்துக்காகச் சொன்னானோ என்னவோ. இருந்தாலும் எழுத்தனிடம் என் பெயரை அவன் வாயால்தானே சொல்லியிருக்க வேண்டும்?

பீரங்கி வண்டிக் குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையாம். இரண்டு கால் விரல் குளிரில் போய்விட்டதாம். ஸவேலியைப் பற்றி எல்லாரிடமும் கேட்டானாம். அவனுடைய படைப்பிரிவில் மிச்சம் இருப்பவர்கள் குறைவு, இன்னும் விசாரிப்பதாகத் தோம்னாவிடம் சொல்ல வேண்டுமாம். அதற்குக் கீழே ஒரு வரி இருந்தது. அதை விட்டுவிட்டுக் கையெழுத்துக்குப் போனேன்.

"அவ்வளவுதானா அத்தை?"

"அவ்வளவுதான்."

பராஸ்காவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் என் விரல் தாளில் எங்கே தாண்டியது என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"நடுவுல ஒண்ணு இருக்கு. அதையும் வாசிங்க."

வாசித்தேன்: "ஆகஸ்டில் வெயில் கடுமையாக இருந்தபோது நண்பகலில் எங்களை யாரும் உட்கார விடவில்லை, நடந்துகொண்டே இருந்தோம், அப்போது நம் ஊரில் எல்லாரும் மரத்தடியில் உட்கார்ந்திருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்வேன்."

பராஸ்கா குழந்தையை மறுபக்கத்துக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு, "தோம்னாகிட்ட நான் போய்ச் சொல்றேன். நீங்க இவளைப் பிடிங்க" என்று குழந்தையை என் மடியில் வைத்துவிட்டுச் சால்வையை எடுத்துக்கொண்டாள்.

பனியில் அவள் போவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தோம்னாவின் வீட்டுக் கதவு திறந்தது. அவளை உள்ளே கூப்பிட்டுக்கொண்டார்கள்.

குழந்தை தூங்கிவிட்டாள். ஒரு கையால் இதை எழுதுகிறேன்.